புக்கு இலவசம், பஸ் யாரு கணக்கு?

எங்க அக்கா மக 2025ல ஆறாம் ஆண்டுக்கு வந்துட்டா. டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது ஒரு பெரிய விசயமே இல்ல, அதே ஸ்கூல்ல அடுத்த கிளாஸுக்கு போறாங்க, அவ்வளவுதான். இலங்கை மலையகத்துல எங்க தேயிலைத் தோட்டத்துல அப்பிடி இல்ல. எங்க டிவிஷன் ஸ்கூல் அஞ்சாம் ஆண்டோட முடிஞ்சிரும், அதுவரைக்கும் லயத்துல (நாங்க இருக்கிற தோட்டத்து வரிசை வீடு) இருந்து பத்து நிமிசம் நடந்தா போதும், பெல் அடிக்கிறது காம்பராவுக்குள்ளயே கேக்கும், அதுக்கு அப்புறம் டவுனுக்குத்தான் போகணும், எங்களுக்கு டவுன்னா தலவாக்கலை. லயத்துல இருந்து மெயின் ரோட்டு பஸ் ஹோல்ட்டுக்கு எவ்வளவு தூரம்னு போன வாரம் நானே போன்ல போட்டுக்கிட்டு நடந்து பாத்தேன், 4.3 கிலோமீட்டர். தேயிலைக்குள்ள குறுக்கால இறங்குனா கொஞ்சம் குறையும், ஆனா மழை நாள்ல அட்டையும் வழுக்கலும், அதோட இப்ப சிறுத்தை பயம் வேற, பதினொரு வயசு பொம்பளப் பிள்ளைய விடியுறதுக்கு முந்தி அந்த இருட்டுல தனியா அனுப்ப யாருக்கு மனசு வரும்.

அதனால ஆட்டோ. எங்க தோட்டத்து தம்பி ஒருத்தன் ஓட்டுறான், லயத்துப் பிள்ளைங்க எல்லாம் சேந்து போறாங்க, ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 70 ரூபா, அவனையும் குறை சொல்ல முடியாது, அந்த ரோட்டுல ஓடுனா மாசத்துக்கு ஒரு தடவை ஆட்டோவ கராஜ்ல விடணும். போக வர 140. மாசத்துக்கு இருவது நாள் ஸ்கூல்னு வச்சா 2,800. அங்க இருந்து டவுனுக்கு பஸ், சிடிபி பஸ் (அரசாங்க பஸ்) வந்தா சீசன்ல (பிள்ளைங்களுக்கு சலுகையில குடுக்குற பாஸ்) போயிரலாம், வரலேன்னா ப்ரைவேட் பஸ்ல காசு குடுத்து போகணும், போக வர நூறு ரூபா கிட்ட போயிரும், மாசத்துல பன்னெண்டு நாளாவது அப்பிடித்தான் ஆகுது, அது ஒரு 1,200. ஆக மொத்தம் 4,000, சீசன் காசு தனி. அக்காவுக்கு 2025ல நாட்சம்பளம் 1,350, அது 2024 செப்டம்பர்ல கூட்டுனது. அதுல ஈபிஎஃப் எட்டு வீதம் கழிச்சா கையில 1,242. கணக்கு போட்டு பாருங்க, மாசத்துல மூணு பேரு முழுசா போட்டு அதுக்கு மேலயும் கொஞ்சம், அந்த ஒரு பிள்ளைய ஸ்கூல் கேட்டு வரைக்கும் கொண்டு போய் சேக்குறதுக்கே போகுது. (தோட்டத்துக்கு வெளிய இருக்கிறவங்களுக்கு: ஒரு நாள் சம்பளத்த நாங்க ஒரு பேருன்னு சொல்லுவோம், எடுக்கவேண்டிய கொழுந்து கிலோ காணாட்டி அரைப் பேருதான்.) கிலோ காணாத மாசம் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

இந்தக் கணக்க நான் போட்டுக்கிட்டு இருந்த அன்னைக்கு ராத்திரிதான் என் கூட்டாளி ஒருத்தி போன் எடுத்தா. நாங்க ரெண்டு பேரும் ஓலெவல் (பதினோராம் ஆண்டு பரீட்சை) வரைக்கும் ஒண்ணா படிச்சவங்க, அவ இப்ப கல்யாணம் முடிச்சு அமெரிக்காவுல நியூஜெர்சில இருக்கா. அவ மகன அந்த மஞ்சள் பஸ் வந்து ஏத்திக்கிட்டு போகுதாம், வீட்டுக்கு கிட்டயே ஸ்டாப், காசு ஒண்ணும் கட்டல. நான் சும்மா கேட்டேன், அப்ப அந்த பஸ்ஸுக்கு காசு யாருடி குடுக்குறான்னு. அவளுக்கும் சரியா தெரியல, வீட்டு டாக்ஸ்ல போகுதுன்னு மட்டும் சொன்னா. அதுக்கு அப்புறம் எனக்கு தூக்கம் வரல, ரெண்டு மூணு ராத்திரி ஒக்காந்து தேடித் தேடி வாசிச்சேன்.

அங்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம். நியூஜெர்சில என்னன்னா, எட்டாம் ஆண்டு வரைக்கும் உள்ள பிள்ளை ஸ்கூல்ல இருந்து 2 மைலுக்கு மேல தூரத்துல இருந்தா, அந்தப் பிள்ளைய கூட்டிட்டு போறது அந்த ஏரியா கல்வி மாவட்டத்தோட கடமை. ஒம்பதாம் ஆண்டுக்கு மேலன்னா 2.5 மைல். 2 மைல்னா நம்ம கணக்குல 3.2 கிலோமீட்டர். காசு ரெண்டு பக்கத்துல இருந்து வருது, ஒண்ணு அந்த ஊர் ஆளுங்க வீட்டுக்கும் காணிக்கும் கட்டுற வரி, மத்தது மாநில அரசாங்கம் குடுக்குற உதவிப் பணம். தூரம் குறைவா இருக்கிற பிள்ளைங்க பஸ்ல போக ஆசைப்பட்டா சில எடத்துல பெத்தவங்க காசு கட்டணும், சில ஊருல ரோடு ஆபத்தா இருந்தா ஊர்க்காசுலயே ஏத்திக்கிறாங்களாம். எல்லாம் சரியா இருக்குன்னு நான் சொல்ல வரல. அங்கயும் வடக்கு டகோட்டான்னு ஒரு மாநிலத்துல, ஸ்கூல்ல இருந்து 16 மைல் தள்ளி இருந்த ஒரு ஏழைக் குடும்பத்துக்கிட்ட பஸ்ஸுக்கு வருசத்துக்கு 97 டொலர் கேட்டிருக்காங்க, அவங்க முடியாதுன்னு கோர்ட்டுக்கு போய், 1988ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அஞ்சுக்கு நாலுன்னு, பஸ்ஸுக்கு காசு வாங்குறது அரசியலமைப்புக்கு விரோதம் இல்லன்னு தீர்ப்பு குடுத்திருக்கு. ஸ்கூலுக்கு போகலாம், ஆனா காசில்லாம பஸ்ஸுல போக உரிமை இல்ல. இத வாசிச்சப்ப எனக்கு அந்த அம்மாவ நினைச்சு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருச்சு, நம்ம அக்கா மாதிரியே ஒரு ஆளு.

ஆனா என் மனசுல நின்னது அந்த 2 மைல்தான். ஒரு கோடு போட்டிருக்காங்க. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருந்தா அந்தப் பிள்ளைய கொண்டு வந்து சேக்குறது இன்னாருடைய பொறுப்புன்னு பேரு சொல்லி எழுதி வச்சிருக்காங்க. நம்ம நாட்டுல அப்பிடி ஒரு கோடு எங்க இருக்கு? எத்தனை கிலோமீட்டருக்கு அப்புறம் எங்க அக்கா மக யாரோட பொறுப்பு?

இனி நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். நம்ம அரசாங்கம் ஒண்ணும் செய்யலேன்னு சொன்னா அது பொய். 1945ல கல்வி மந்திரி கன்னங்கர காலத்துல இலவசக் கல்வி வந்துச்சு, 1980ல இருந்து பாடப்புத்தகம் இலவசம், அப்புறம் யூனிபோர்ம் துணி. தோட்டத்துக்கு இதெல்லாம் லேட்டாத்தான் வந்துச்சு, 1970கள்ல தோட்டங்கள அரசாங்கம் எடுத்ததுக்கு அப்புறம்தான் தோட்ட ஸ்கூல்களையும் ஒவ்வொண்ணா எடுக்க ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் கங்காணி, கணக்கப்பிள்ளை காலத்து ஒரு ரூம் ஸ்கூல்தான். எங்க அம்மா படிச்சது அதுலதான். சரி, லேட்டா வந்தாலும் வந்துச்சு. பஸ்ஸுக்கும் அரசாங்கக் காசு வருது. அது ரெண்டு வழியா வருது.

ஒண்ணு சீசன். ஸ்கூல்ல போர்ம் நிரப்பி ப்ரின்சிபல் கையெழுத்து வாங்கி டிப்போவுல குடுத்தா, வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு எந்த ரூட்டோ அந்த ரூட்டுக்கு சீசன் கார்ட் குடுப்பாங்க. அதுல பிள்ளை கட்டுறது சின்னப் பங்குதான், பெரும்பங்க திறைசேரி இலங்கை போக்குவரத்துச் சபைக்கு குடுக்குது. இது நல்ல விசயம், நானும் அந்த சீசன்ல படிச்சவதான், அது இல்லாட்டி ஓலெவல் கூட எழுதியிருக்க மாட்டேன். ஆனா சீசன் சிடிபி பஸ்ஸுக்கு மட்டும்தான். (1958ல பஸ் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபைன்னு ஆக்குனப்ப அது இங்கிலீஸ்ல சிடிபி, 2005ல புதுச் சட்டத்துல எஸ்எல்டிபின்னு ஆயிருச்சு, ஆனா எங்க பக்கம் இன்னும் வயசானவங்கள்ல இருந்து சின்னப் பிள்ளை வரைக்கும் சிடிபிதான்.) ப்ரைவேட் பஸ்ல சீசன் எடுபடாது. 

ரெண்டாவது சிசு சரிய. அது 2005ல தொடங்குன திட்டம், தேசிய போக்குவரத்து ஆணைக்குழு நடத்துது. காலையில ஸ்கூல் தொடங்குறதுக்கு முந்தி ஒரு ஓட்டம், ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் ஒரு ஓட்டம், சிடிபியும் ஓடலாம் ப்ரைவேட்டும் ஓடலாம், பிள்ளைங்கக்கிட்ட பாதிக் காசுதான் வாங்கணும், பஸ்காரருக்கு நட்டம் வராம அரசாங்கம் ஆணைக்குழு வழியா காசு குடுக்கும். போர்ட் போட்டுக்கிட்டு ஓடும், பாத்திருப்பீங்க. உள்ள ஸ்கூல் பிள்ளைங்களும் டீச்சர்மாரும்தான் இருப்பாங்க, பெரியாளுங்க இடிக்கிறது இல்ல, பொம்பளப் பிள்ளைங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு போய் வந்தவங்களுக்குத்தான் தெரியும்.

இந்த ரெண்டையும் நல்லா யோசிச்சு பாருங்க. ரெண்டு வழியிலயும் காசு போறது ஓடுற பஸ்ஸுக்கு. பஸ் ஓடுற ரோட்டுல ஒரு பிள்ளை இருந்தா அந்தப் பிள்ளைக்கு அரசாங்கக் காசு கிடைக்கும். பஸ் ஓடாத ரோட்டுல இருக்கிற பிள்ளைக்கு ஒரு சதமும் இல்ல. டவுனுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டோரமா இருக்கிற பிள்ளை சீசன்ல போகுது, அந்தப் பிள்ளைக்கும் அது தேவைதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா 4.3 கிலோமீட்டர் உள்ள இருந்து வர்ற பிள்ளைக்கு, யாருக்கு ரொம்ப தூரமோ யாருக்கு ரொம்ப கஷ்டமோ அந்தப் பிள்ளைக்கு, அந்த 4.3 கிலோமீட்டருக்கு அரசாங்கத்துக்கிட்ட இருந்து ஒண்ணுமே வரல. முழுக்க அக்காவோட கொழுந்துக் காசு. தூரம் கூடக் கூட உதவி குறையுது. எனக்கு இது விளங்கவே இத்தனை வருசம் ஆச்சு, சின்ன வயசுல இருந்து பஸ் வரல பஸ் வரலேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோமே தவிர காசு எந்த வழியில போகுதுன்னு யாரும் கேட்டது இல்ல.

எங்க மாமா ஒருத்தர் கண்டக்டரா இருந்து ரிடயர் ஆனவரு. அவருக்கிட்ட போய் கேட்டேன், மாமா, காலையில ஸ்கூல் பிள்ளைங்க நிக்கிற ஹோல்ட்டுல சில பஸ் நிப்பாட்டாம போகுதே, ஏன்னு. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் சொன்னாரு, "சீசன் பிள்ள ஏறுனா பேக்குல காசு விழாது புள்ள, சாயங்காலம் கலெக்ஷன் எவ்வளவுன்னு கேப்பாங்களே தவிர எத்தன பிள்ளய ஏத்துனேன்னு கேக்க மாட்டாங்க." சீசனுக்கு திறைசேரி குடுக்குற காசு மேல சபைக்கு போகுது, அந்த ரூட்டுல ஓடுற ட்ரைவருக்கும் கண்டக்டருக்கும் அது கண்ணுல தெரியாது, அவங்களுக்கு தெரியுறது நாப்பது பிள்ளைங்க ஏறி எடத்த அடைச்சிருவாங்க, அடுத்த ஹோல்ட்டுல காசு குடுக்குற ஆளு ஏற முடியாதுன்றது மட்டும்தான். ப்ரைவேட்டுல இன்னும் நேரா விளங்கும், முதலாளிக்கு நாளைக்கு இவ்வளவுன்னு குடுக்கணும், டீசல் அடிக்கணும், மிச்சம்தான் அவங்க சம்பளம். மாமா நல்ல மனுசன், பிள்ளைங்கள ஏத்தாம வந்த நாளெல்லாம் தனக்கு சோறு இறங்காதுன்னு சொன்னாரு, நான் நம்புறேன். ஒரு கண்டக்டரோட நல்ல மனச நம்பி நாப்பது பிள்ளைங்களோட படிப்ப விட்டு வைக்கக்கூடாது, ஏத்துற பிள்ளைக்கு ஏத்த மாதிரி காசு அந்த பஸ்ஸுக்கு வர்ற வழி இருந்தா ஹோல்ட்டுல நிக்கிற யூனிபோர்ம பாத்தா அவரே ப்ரேக் போட்டிருப்பாரு.

ஏத்துனாலும் எப்பிடி ஏத்துறாங்கன்னு ஒரு பயம் இருக்கு. 2025 மே மாசம் 11ஆம் தேதி விடியக்காலையில கொத்மலை கெரண்டி எல்லன்ற எடத்துல பஸ் விழுந்து இருவது பேருக்கு மேல செத்துப்போனாங்க, எழுவது பேருக்கு மேல அந்த பஸ்ல இருந்திருக்காங்க. அது ஸ்கூல் பஸ் இல்ல, தூர ஓட்டம். ஆனா அன்னைல இருந்து அக்கா, மக ஃபுட்போர்ட்ல நின்னு வந்தேன்னு சொன்னா அன்னைக்கு ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுதான் இருக்கா.

சரி, அப்ப பஸ்ஸ தோட்டத்துக்குள்ள விடலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் ரோட்டுக் கதை வருது, அது எங்க மக்களோட பழைய காயம். தோட்டத்து ரோடு தோட்டத்தோடது. வெள்ளக்காரன் கொழுந்து லொறி போறதுக்கு வெட்டுன ரோடு, வளைவெல்லாம் அந்தக் காலத்து அளவு. 1992ல தோட்டங்கள கம்பனிங்களுக்கு குடுத்தப்ப ரோடும் அவங்க பொறுப்புலயே இருந்துச்சு, கொழுந்து வெளிய போற அளவுக்கு செஞ்சா போதும்னு பல எடத்துல விட்டுட்டாங்க. பிரதேச சபையாவது செய்யலாமேன்னா, 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்க பிரதேச சபை சட்டத்துல 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்கிறதுக்கு தடையா இருந்துச்சு. நாங்க ஓட்டுப் போட்டு மெம்பர்மார தெரிவு செய்யலாம், அந்த மெம்பர் எங்க லயத்துக்கு முன்னால இருக்கிற குழிய மூட சபைக் காசு எடுக்க முடியாது. முப்பது வருசம் கழிச்சு 2018லதான் அத திருத்துனாங்க. அதே காலத்துல நுவரெலியா மாவட்டத்துல பிரதேச சபைகளோட எண்ணிக்கையையும் கூட்டுனாங்க. இப்ப சட்டம் தடுக்கல. ஆனா முப்பது வருசமா போடாத ரோட்டு வேலைய ஒரு சின்ன சபையோட வருமானத்துல செய்றதுன்னா லேசா?

ஆக ஒரு பிள்ளை லயத்துல இருந்து கிளாஸ் ரூமுக்கு போறதுக்கு எத்தனை கை சேரணும்னு பாருங்க, முதல் நாலு கிலோமீட்டர் ரோடு கம்பனி கையில, இல்லாட்டி பிரதேச சபை கையில, மாகாணத்துக்குள்ள ஓடுற ப்ரைவேட் பஸ் பெர்மிட் மாகாண அதிகார சபை கையில, சிடிபி டைம் டேபிள் டிப்போ கையில, சீசன் காசும் சிசு சரிய காசும் கொழும்புல இருந்து வரணும், ஸ்கூல் மாகாணக் கல்வி திணைக்களத்துக்கு கீழ, அதுவே தேசிய பாடசாலைன்னா கல்வி அமைச்சுக்கு கீழ. இவ்வளவு பேரும் அவங்கவங்க வேலைய செய்றாங்க. அந்தப் பிள்ளை வந்து சேந்தாளான்னு பாக்குற வேலை மட்டும் இதுல யாருக்கும் குடுக்கல. நியூஜெர்சில அந்த வேலை கல்வி மாவட்டத்துக்கு இருக்கு, வித்தியாசம் அங்கதான்.

இது வெறும் காலையில எழும்புற கஷ்டம்னு நினைக்காதீங்க. யாரு என்ன படிக்கிறாங்கன்றதையே இந்த பஸ்தான் முடிவு பண்ணுது. எனக்கு ஓலெவல்ல கணக்குக்கு ஏ வந்துச்சு. எங்க ஸ்கூல்ல ஏலெவல் (பன்னெண்டு, பதிமூணாம் ஆண்டு) ஆர்ட்ஸும் கொமர்ஸும்தான், மேத்ஸ் படிக்கணும்னா இன்னும் தள்ளி வேற டவுனுக்கு போகணும், ரெண்டு பஸ் மாறணும், திரும்பி வரும்போது மெயின் ரோட்டுல இறங்க அஞ்சரை ஆறு ஆயிரும், அதுக்கு அப்புறம் அந்த மலைய ஏறணும். அப்பா ஒரு வாரம் யோசிச்சாரு. என்னைய கூப்புட்டு பக்கத்துல ஒக்கார வச்சு, "சாமி, ஒன்னைய நம்பாம இல்ல, அந்த ரோட்டத்தான் நம்பல"ன்னாரு. நான் ஆர்ட்ஸ் படிச்சேன். நியூஜெர்சில இருக்காளே என் கூட்டாளி, அவளுக்கு கணக்குல பி. அவ வீடு பஸ் ஸ்டாண்டுல இருந்து ரெண்டு நிமிசம். அவ மேத்ஸ் படிச்சு கெம்பஸ் போயி இஞ்சினியர் ஆனா. அவமேல எனக்கு எந்த மனக்கசப்பும் இல்ல, ராத்திரி பகலா படிச்சவ அவ, இன்னைக்கும் எனக்கு ஒண்ணுன்னா முதல்ல போன் எடுக்குறது அவதான். ஆனா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அந்த நாலு கிலோமீட்டர்தான்னு இந்த வயசுலதான் எனக்கு தெளிவா தெரியுது.

அந்தக் காலத்துல ஆட்டோவும் இல்ல. சாயங்காலம் ஹோல்ட்டுல இறங்கி நிப்போம், ஃபெக்டரிக்கு கொழுந்த இறக்கிட்டு திரும்பி வர்ற லொறி வந்தா கைய காட்டுவோம், ட்ரைவர் அண்ணே நல்லவரு, நிப்பாட்டுவாரு, வெறும் சாக்கு மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு வருவோம். வெள்ளை யூனிபோர்ம்ல தேயிலைக் கறை புடிச்சா போகாது, அம்மா திட்டும், சாம்பல் போட்டு தேய்க்கும். லொறி வராத நாள் நடைதான், மழைன்னா புக்க பொலிதீன் பேக்குல சுத்தி வயித்தோட கட்டிக்குவோம். வட்டகொடை பக்கம் இருந்து வந்த பிள்ளைங்க ட்ரெய்ன் சீசன்ல வருவாங்க, அவங்கள பாத்தா எங்களுக்கு சரியான பொறாமை, ட்ரெய்ன் லேட்டானா அவங்களுக்கு டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ட்ரெய்ன் லேட்டுன்னா லேட்டு, பஸ் வரலேன்னா மட்டும் நாங்க பொய் சொல்றோம்னு நினைப்பாங்க.

2022ல பொருளாதார நெருக்கடி வந்தப்ப எல்லாருக்கும் இது விளங்கிருக்கும். வருசம் தொடங்குறப்ப பஸ்ஸுல குறைஞ்ச காசு 17 ரூபா, ஜூலை மாசம் அதே 40 ரூபா. டீசல் இல்ல, லைன்ல நின்னாங்க, ஸ்கூலையே மூடுனாங்க. தோட்டத்துல நாட்சம்பளம் அந்த வருசம் பூரா 1,000 தான், 2021ல வந்த அதே ஆயிரம். எங்க லயத்துல மட்டும் அந்த வருசத்துக்கு அப்புறம் நாலு பிள்ளைங்க திரும்ப ஸ்கூலுக்கு போகல. மூணு பேரு பையங்க, கொழும்புக்கு கடை வேலைக்கு போயிட்டாங்க. ஒருத்தி வீட்டுல தம்பிய பாத்துக்கிட்டு இருக்கா. ஸ்கூல்ல இவங்க இடைவிலகுனவங்கன்னு எழுதியிருப்பாங்க. பஸ் காசுதான் காரணம்னு எந்தப் பதிவுலயும் இருக்காது, ஆனா அந்த நாலு வீட்டு அம்மாமாருக்கிட்டயும் நான் தனித்தனியா கதைச்சேன், நாலு பேரும் முதல்ல சொன்னது அதத்தான்.

எனக்கு தோணுறத சொல்றேன், தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. சிசு சரிய நல்ல திட்டம், அத விட்டுட்டு புதுசா ஒண்ணு வேணும்னு நான் கேக்கல. நான் பாத்த சிசு சரிய எல்லாம் பெரிய பஸ். எங்க ரோட்டு வளைவுல பெரிய பஸ் திரும்பாது, யாரும் கொண்டு வரவும் மாட்டாங்க. ஆனா பதினாலு சீட் வேன் வரும், இப்பவும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. தோட்ட ரோட்டுல காலையில ஒரு ஓட்டம், ரெண்டு மணிக்கு ஒரு ஓட்டம், ஒரு வேனுக்கு அதே மாதிரி அரசாங்கம் பாதி குடுத்து பெத்தவங்க பாதி குடுத்தா, இன்னைக்கு 140 குடுக்குற எடத்துல 70 குடுக்க எங்க ஆளுங்க ரெடி. சும்மா குடுன்னு கேக்கல. மெயின் ரோட்டுல இருக்கிற பிள்ளைக்கு அரசாங்கம் எவ்வளவு தாங்குதோ அதே அளவு உள்ள இருக்கிற பிள்ளைக்கும் தாங்கணும்னுதான் கேக்குறோம். அதோட தூரத்த வச்சு ஒரு கோடு போடணும். அது மூணு கிலோமீட்டரோ நாலோ, பெரியவங்க ஒக்காந்து முடிவு பண்ணட்டும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனை பிள்ளைங்க இருக்காங்கன்னு ஒவ்வொரு ஸ்கூலும் ஜனவரியிலயே எழுதி வலயக் கல்வி ஒபிசுக்கு குடுத்தா, வேன் எந்த ரோட்டுக்கு தேவைன்னு தானா தெரிஞ்சிரும். பிள்ளைங்களோட அட்ரஸ் எல்லாம் ஸ்கூல்ல ஏற்கனவே இருக்கு, புதுசா சர்வே ஒண்ணும் தேவையில்ல.

வரி கட்டுறவங்க காசு தானேன்னு சிலர் கேப்பாங்க. எங்க அம்மா முப்பத்தி நாலு வருசம் கொழுந்து எடுத்தாங்க. தேயிலை வித்து இந்த நாட்டுக்கு டொலர் வந்த வருசம் எல்லாம் அதுல அம்மாவோட கையும் இருந்துச்சு, கடையில வாங்குற சோப்புக்கும் சீனிக்கும் வரி கட்டித்தான் இருக்கோம். அந்தக் கணக்குல எங்களுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு கூச்சப்படாம கேக்கலாம்.

போன ஞாயித்துக்கெழமை கோயில் மண்டபத்துல பெத்தவங்க எல்லாம் கூடுனோம். முதல்ல யாருக்கும் நம்பிக்கை இல்ல, எத்தனை பெட்டிஷன் எழுதியிருப்போம்னு ஒரு தாத்தா எழும்பி போகப் பாத்தாரு, நியாயம்தான். நான் அந்த 4.3 கிலோமீட்டர் கணக்கையும், 4,000 ரூபா கணக்கையும், மூணு பேரு கணக்கையும் ஒரு மட்டையில பெருசா எழுதி காட்டுனேன். அந்த மூணு பேருன்னு எழுதுனத பாத்ததும் அம்மாமாரு எல்லாம் அமைதியாயிட்டாங்க, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டுக் கணக்க வாய்க்குள்ள போட ஆரம்பிச்சாங்க, ரெண்டு பிள்ளை போற வீட்டுல ஆறு பேருக்கு மேல போகுதுன்னு ஒரு அக்கா சத்தமா சொல்லிட்டு அழுதிருச்சு. 31 பேரு கையெழுத்து போட்டாங்க. ப்ரின்சிபல் சேர் மெயின் ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு உள்ள இருந்து வர்ற பிள்ளைங்களோட லிஸ்ட் தாறேன்னு சொல்லியிருக்காரு. தொரையும் (தோட்ட மேனேஜர்) தோட்ட ரோட்டுல வேன் வர்றதுக்கு சம்மதம்னு ஒரு கடிதம் குடுத்தாரு, மழையில அடிச்சுட்டு போன அந்த ரெண்டு வளைவுக்கும் கல்லுப் போட்டு தாறேன்னும் சொன்னாரு. லெட்டர் மாகாண போக்குவரத்துக்கு ஒண்ணு, தேசிய ஆணைக்குழுவுக்கு ஒண்ணு, வலயக் கல்வி ஒபிசுக்கு ஒண்ணு, பிரதேச சபைக்கு ஒண்ணு. நாலும் தமிழ்லயும் சிங்களத்துலயும் டைப் பண்ணியாச்சு, புதன்கெழமை நானும் அக்காவும் லீவு போட்டு நேருல கொண்டு போறோம், தபால்ல போட்டா எங்க போகும்னு தெரியாது, கையில குடுத்து சீல் வச்ச கொப்பி வாங்கிட்டுத்தான் வரணும்னு இருக்கோம். அக்காவுக்கு அன்னைக்கு ஒரு பேரு போகும்.

நேத்து ராத்திரி லெட்டர மடிச்சு கவருக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தப்ப அக்கா மக பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. இப்ப அவள நாலே முக்காலுக்கு எழுப்புறோம். "சித்தி, வேன் லயத்துக்கே வந்துச்சுன்னா நான் அஞ்சரை வரைக்கும் படுக்கலாம்ல?"ன்னு கேட்டா. ஆமா சாமி, படுக்கலாம்னு சொன்னேன்.